மரத்தில் பெரிய மாதிரி விமானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பால்சா மரத்தில் பெரிய ரேடியோ கன்ட்ரோல் விமானம் கட்டுகிறவரிடம் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே விமானத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம்: இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை 2.4 மீட்டர், இறக்கையின் அகலம் 40 செ.மீ., பறக்கும்போது எடை 7 கிலோ. உடலுக்கு மேலே இறக்கை அமைந்த, பயிற்சி விமானம் போன்ற எளிய வடிவம்.

பெரிய மாடல்னா எவ்வளவு பெரிசு? வீட்டுக்குள்ள கட்ட முடியுமா?

ஒற்றை இறக்கை விமானம் என்றால் இறக்கை நுனிக்கு நுனி 80 அங்குலம், அதாவது 203 செ.மீ.க்கு மேல், இரட்டை இறக்கை என்றால் 60 அங்குலம், அதாவது 152 செ.மீ.க்கு மேல், அல்லது நிஜ விமானத்தில் கால்பங்கு அளவோ அதற்கு மேலோ. ஏரோமாடலிங்கில் 'ஜயன்ட் ஸ்கேல்' என்று சொல்வது இதைத்தான். நம் உதாரண விமானம் இந்த வகையில் நடுத்தரம்.

வீட்டில் தாராளமாகக் கட்டலாம். இறக்கையை இரண்டு பாதியாகக் கட்டுவதால் ஒரு நேரத்தில் மேசைமேல் இருப்பது ஒன்றேகால் மீட்டர்தான். உடற்பகுதிதான் நீளம், ஒன்றே முக்கால் மீட்டரைத் தாண்டும். தொடங்கும் முன் அறையின் கதவு, மாடிப்படித் திருப்பம், காரின் உள்நீளம் மூன்றையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். வால் சிறகை நிரந்தரமாக ஒட்டிய பிறகுதான் பலருக்கு இந்த யோசனையே வருகிறது.

முதல் விமானமே பெரிசா கட்டலாமா? பெரிசு நல்லா பறக்கும்னு சொல்றாங்களே?

நன்றாகப் பறக்கும் என்பது சரி. காற்று கொஞ்சம் அடித்தாலும் ஆடாது, தூரத்திலிருந்தும் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், நிதானமாகத் திரும்பும். ஆனால் ஓட்டப் பழகாதவர் கையில் 7 கிலோ எடையும் சுழலும் புரொப்பல்லரும் ஆபத்து. ஓட்டப் பழகுவதைச் சின்ன விமானத்தில் முடித்துவிடுங்கள்.

கட்டுவதைப் பொறுத்தவரை, ஒன்றரை மீட்டருக்குள் ஒரு பால்சா விமானமாவது முழுதாகக் கட்டி முடித்திருந்தால் நல்லது. பெரியதில் துண்டுகள் பெரிது, பிடிக்க வசதி. ஆனால் அரை டிகிரி கோணல்கூட 1.2 மீட்டர் தள்ளி இறக்கை நுனியில் ஒரு சென்டிமீட்டராக வந்து நிற்கும். பெரிய விமானத்தில் நேரம் போவது வெட்டி ஒட்டுவதில் இல்லை, அளந்து பார்ப்பதில்தான். அதில் பொறுமை இருந்தால் கட்டலாம்.

கிட் வாங்கறதா, பிளான் வாங்கி நானே வெட்டறதா?

லேசரில் வெட்டிய கிட்டில் ரிப்புகளும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகள்) ஃபார்மர்களும் (உடலுக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகள்) அச்சு பிசகாமல் வரும். பாதி வேலை மிச்சம். பிளான் மட்டும் வாங்கினால் மரத்தை நாமே பொறுக்கி எடுக்கலாம், அதுதான் அதன் பெரிய லாபம். கிட்டில் வருகிற பால்சா கனமா இலேசா என்பது அதிர்ஷ்டம். நடுவழி ஒன்று உண்டு: பிளானும் வெட்டிய துண்டுகளும் மட்டும் வாங்கிக்கொண்டு, ஷீட்டும் குச்சிகளும் தனியே எடைபார்த்து வாங்குவது. நான் சொல்வது இந்த வழியைத்தான்.

கையில ஒன்றரை மீட்டர் பிளான் இருக்கு. ஜெராக்ஸ்ல பெரிசாக்கினா போதாதா?

வெளிக்கோட்டுக்குப் போதும், மரத்துக்குப் போதாது. 1.5 மீட்டரை 2.4 ஆக்கினால் 1.6 மடங்கு. இறக்கைப் பரப்பு 1.6-இன் வர்க்கமாக 2.56 மடங்கு கூடும். மரத்தின் தடிமனையும் அப்படியே பெருக்கினால் எடை 1.6-இன் கனமாக, நான்கு மடங்குக்கு மேல் போகும். 2 கிலோ விமானம் 8 கிலோவைத் தாண்டிவிடும்.

அதனால் ஷீட் தடிமனைப் பெருக்காதீர்கள். 1.5 மி.மீ. ஷீட் 2 மி.மீ. ஆனால் பெரும்பாலும் போதும். ரிப் இடைவெளியை மட்டும் பெருக்க விடாமல் 7-8 செ.மீ.யில் நிறுத்துங்கள், இல்லையென்றால் மேலே போர்வையாக ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிம் ரிப்புகளுக்கு நடுவே தொய்ந்து இறக்கையின் வடிவம் கெடும். ஸ்பார் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்புக் குச்சி), இறக்கை இணைப்பு, மோட்டார் தாங்கும் பலகை, சக்கரக் கால் ஆகிய நான்கையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். அச்செடுத்த தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எஃகு அளவுகோலால் சரிபாருங்கள். பெரிய பிரின்டர்கள் ஒரு திசையில் மட்டும் இழுத்துவிடுவது சகஜம்.

எல்லாமே பால்சாவா? அது தக்கை மாதிரி இருக்கே, தாங்குமா?

தாவரவியல்படி பால்சா 'வன்மர' வகை! விரலால் அழுத்தினால் குழி விழும், ஆனாலும் எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் அதன் விறைப்பு பெரிய மரங்களுக்குச் சளைத்ததல்ல. உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு ஈக்வடாரில் விளைவது. மரம் வேகமாக வளர்ந்து 6 முதல் 10 வருடங்களில் வெட்டுக்கு வந்துவிடும். 1940-இல் முதலில் பறந்த டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ போர் விமானத்தின் உடல், இரண்டு மெல்லிய பிர்ச் பிளைவுட் தோல்களுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்ததுதான். மணிக்கு 600 கி.மீ.க்கு மேல் போன விமானம் அது.

எல்லாமே பால்சா இல்லை. ஸ்பாருக்கு ஸ்ப்ரூஸ் போன்ற நேர்நாருள்ள மரம். மோட்டார் பலகைக்கும் சக்கரக் கால் பொருத்தும் இடத்துக்கும் பிர்ச் பிளைவுட். உடலின் ஃபார்மர்களுக்கு இலேசான பாப்லர் பிளைவுட். மற்றதெல்லாம் பால்சா. சாதாரணத் தச்சுவேலை பிளைவுட்டை மட்டும் உள்ளே விடாதீர்கள். அதன் எடை கண்ணுக்குத் தெரியாது, தராசில் தெரியும்.

பால்சா ஷீட் பார்க்க எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கு? எதுக்கு எடை போட்டு வாங்கணும்?

1 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிமன் உள்ள ஒரு ஷீட் 150 கன சென்டிமீட்டர். இலேசான பால்சாவில் அது 15 கிராம், நடுத்தரத்தில் 24, கடினமானதில் 36 கிராம்கூட வரும். அளவு ஒன்றுதான், எடை இரண்டு மடங்குக்கு மேல். விமானத்துக்கு இப்படி 30 ஷீட் போகிறது என்றால், இலேசுக்கும் நடுத்தரத்துக்கும் மட்டுமே 270 கிராம் வித்தியாசம். ஒவ்வொரு ஷீட்டின் மூலையிலும் வாங்கிய அன்றே எடையைப் பென்சிலால் எழுதிவைத்துவிட்டால் பிறகு பொறுக்குவது எளிது. இலேசானது வாலுக்கும் இறக்கை நுனிக்கும், நடுத்தரம் ரிப்புக்கு, கடினமானது உடலின் நீளக் குச்சிகளுக்கும் இறக்கையின் முன்விளிம்புக்கும்.

எடைக்கு அடுத்தபடி, அறுத்த விதத்தைப் பாருங்கள். நீளநீளமான கோடுகள் மட்டும் தெரிந்தால் அது 'ஏ' ரகம்: குறுக்கே சுலபமாக வளையும், இறக்கையின் முன்பகுதியைச் சுற்றி மூட ஏற்றது. மேற்பரப்பில் சின்னச் சின்னப் புள்ளிகள் மினுங்கினால் 'சி' ரகம்: விறைப்பாக நிற்கும், வளைத்தால் பிளக்கும். ரிப்புக்கும் தட்டையான வால் பகுதிக்கும் அதுதான். இரண்டுக்கும் நடுவில் உள்ளது 'பி'. 'சி' ரக ஷீட்டை வளைத்து மூடப் பார்த்துவிட்டு மரம் சரியில்லை என்று சொல்கிறவர்கள் நிறைய.

என்னென்ன கருவி வேணும்? மெஷின் எல்லாம் வாங்கணுமா?

கூரான கத்தியும் நிறைய மாற்று பிளேடுகளும், மெல்லிய பல் வைத்த சிறு ரம்பம், ஒரு மீட்டர் எஃகு அளவுகோல், மூலைமட்டம், ரசமட்டம், தலை பெரிய குண்டூசிகள், கிளாம்புகள், சின்ன இழைப்புளி, கிராம் காட்டும் தராசு. மோட்டார் பலகையில் துளை போட ஒரு டிரில். ஸ்க்ரோல் சா இருந்தால் பிளைவுட் வெட்டுவது சுலபம். இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

உப்புத்தாளைக் கையில் சுருட்டிப் பிடித்துத் தேய்க்காதீர்கள். நேரான அலுமினியச் சட்டத்தில் ஒட்டி, நீளமானது ஒன்று, குட்டையானது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. சட்டத்தை நான்கைந்து ரிப்புகள்மேல் ஒருசேரப் படுக்கவைத்து ஓட்டினால் மேடான ரிப் மட்டும் தானே தேயும்.

டைனிங் டேபிள் மேலயே கட்டிக்கலாமா?

மேசை தட்டையாக இருந்தால் கட்டலாம். பெரும்பாலான மேசைகள் தட்டையில்லை. மூலைக்கு மூலை நூலை இழுத்துக் கட்டி, நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். நல்ல ஃப்ளஷ் கதவு ஒன்றை முக்காலிகள்மேல் படுக்கவைத்து, அதன்மேல் குண்டூசி இறங்கும் மென்பலகை ஒன்றைப் பரப்பினால் அருமையான கட்டுமான மேசை ஆகிவிடும். மேலே பிளான், அதன்மேல் பசை ஒட்டாத மெல்லிய பிளாஸ்டிக் தாள். பலகை எந்த வளைவில் இருக்கிறதோ அதே வளைவில்தான் இறக்கையும் பிறக்கும். பிறகு திருத்துவது பெரும்பாடு.

எந்தப் பசை? எல்லாத்துக்கும் சூப்பர் குளூ போட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே?

முடியும், ஆனால் எல்லா இடத்துக்கும் அது சரிப்படாது. சி.ஏ. பசை, அதாவது சூப்பர் குளூ, காய்ந்தால் பால்சாவைவிடக் கடினம்; அதன்மேல் உப்புத்தாள் போட்டால் மரம் குழிந்து பசை வரம்பாக நிற்கும். அதிர்வில் நொறுங்கவும் செய்யும். ரிப்பை ஸ்பாரில் பொருத்தும் மூட்டுகளுக்கு மெல்லிய சி.ஏ. ஒரு சொட்டு போதும், அதுவும் மூட்டு இடைவெளி இல்லாமல் பொருந்தியிருந்தால். இடைவெளியைப் பசையால் நிரப்பாதீர்கள்; ஒரு சீவல் மரம் வைத்து நிரப்புங்கள்.

ஷீட்டின் ஓரங்களைச் சேர்த்து அகலப் பலகையாக்க, ஸ்பாருக்கும் ஷியர் வெப்புக்கும் (மேல், கீழ் ஸ்பார்களுக்கு நடுவே நிற்கும் சிறு பலகை), மேல்தோல் மூட – இவற்றுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் மரப்பசை. மெதுவாகக் காய்வது இங்கே நமக்கு நல்லது, நேராக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்க நேரம் கிடைக்கும். அந்தப் பசையில் தண்ணீர் இருப்பதால் பெரிய ஷீட்டில் ஒரு பக்கம் மட்டும் தடவினால் வளையும். மெல்லியதாகத் தடவி உடனே எடைவைத்து அழுத்துங்கள்.

மோட்டார் பலகை, சக்கரக் கால், இறக்கை இணைப்புக் குழாயின் உறை ஆகியவற்றுக்கு எப்போக்ஸி. அதிலும் 5 நிமிடத்தில் இறுகுவது வேண்டாம், 30 நிமிடத்தது. அது நாருக்குள் இறங்கி ஊறிய பிறகுதான் இறுகும்.

முதல்ல இறக்கையா, உடம்பா?

வால். சின்னது, தட்டையானது, கை பழகும். தவறினால் நஷ்டம் இரண்டு குச்சி. அடுத்து இறக்கை, கடைசியில் உடல். இறக்கையும் வாலும் கையில் தயாராக இருந்தால்தான் அவற்றை உடலில் வைத்துப் பார்த்து நேராக ஒட்ட முடியும்.

ஒரு இறக்கைக்கு பதினஞ்சு பதினாறு ரிப். எல்லாத்தையும் ஒரே மாதிரி வெட்டறது எப்படி?

அகலம் மாறாத இறக்கை என்றால், பிளைவுட்டில் ரிப் வடிவத்தில் இரண்டு அச்சு செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு துளை. பால்சாவைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி அடுக்கி, இரு முனையிலும் அச்சை வைத்து, துளைகளில் நீள போல்ட் கோத்து முறுக்குங்கள். இப்போது அது ஒரே கட்டை. இழைப்புளியால் மேலாகச் சீவி, பிறகு நீள உப்புத்தாள் சட்டத்தால் தேய்த்துக்கொண்டே வந்தால், சட்டம் பிளைவுட் அச்சில் படும்போது கையில் உரசல் மாறும், ஓசையும் மாறும். அங்கே நிறுத்த வேண்டும். ஸ்பார் நுழையும் வெட்டையும் அந்தக் கட்டையிலேயே ஒரே இழுப்பில் ரம்பத்தால் போட்டுவிடுங்கள். பிரித்தால் எல்லா ரிப்பும் ஒரே பிறவி.

நுனி குறுகும் இறக்கைக்கு இதே முறையில் முதல் ரிப்பையும் கடைசி ரிப்பையும் அச்சாக வைப்பார்கள். குறுகல் அதிகமானால் ஓரங்கள் சாய்வாக வந்து கணக்குத் தப்பும். அதற்கு லேசர் வெட்டுதான் நிம்மதி.

பிளான்ல ஸ்பார் நடுவுல சின்னச் சின்னப் பலகை காட்டியிருக்கு. அது இல்லாம விட்டா எடை குறையுமே?

விட்டால் இறக்கை மடியும். அதுதான் ஷியர் வெப். நம் 7 கிலோ விமானம் வேகமாக டைவ் அடித்து நிமிரும்போது 5 ஜி விசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கை சுமப்பது 35 கிலோ, ஒரு பாதிக்கு 17.5 கிலோ. அந்தத் தூக்குவிசை நடுவிலிருந்து சுமார் 50 செ.மீ. தள்ளிச் செயல்படுவதாகக் கொண்டால், அடியில் வளைவு விசை 875 கிலோ-சென்டிமீட்டர். மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே 4.5 செ.மீ. இருந்தால், மேல் ஸ்பாரை ஏறக்குறைய 195 கிலோ நசுக்குகிறது. கீழ் ஸ்பாரை அதே அளவு விசை இழுக்கிறது. இரண்டு ஆள் எடை, 6 × 12 மி.மீ. குச்சி ஒன்றின்மேல்.

ஸ்ப்ரூஸ் குச்சி அதைத் தாங்கும், ஆனால் நேராக இருக்கும்வரைதான். நசுங்கும் குச்சி வளைந்து நெளியப் பார்க்கும். இரண்டு ஸ்பாரும் ஒன்றை ஒன்று நெருங்கப் பார்க்கும். நடுவில் வெப் நின்றால் இரண்டும் ஒரே உத்திரமாக வேலை செய்யும். வெப்பின் நார் செங்குத்தாக ஓட வேண்டும். கிடைவாக்கில் வைத்தால் பால்சா சுலபமாகத் தட்டையாகிவிடும். இறக்கையின் அடிப்பகுதியில் ஒவ்வொரு இடைவெளியிலும், முடிந்தால் இரு பக்கமும் வெப் வையுங்கள்; நுனிக்குப் போகப்போக மெல்லியது போதும். மொத்த எடை சில பத்து கிராம். சிக்கனம் பார்க்க இது இடமே இல்லை.

இறக்கையை மேசையிலிருந்து எடுத்தா முறுக்கிக்குது. என்ன பண்றது?

இரண்டு பேரில் ஒருவர் குற்றவாளி: பலகை அல்லது அவசரம். பலகையைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. அவசரம் என்பது, மேல்தோல் மூடும் முன்பே இறக்கையைக் குண்டூசியிலிருந்து எடுத்துவிடுவது. முன்விளிம்பிலிருந்து ஸ்பார் வரை மேலும் கீழும் ஷீட் மூடி, பின்னால் வெப் இருந்தால் அது ஒரு மூடிய குழாய். அந்தக் குழாய்தான் முறுக்கைத் தடுக்கிறது. எந்த நிலையில் குழாய் மூடப்படுகிறதோ அந்த நிலையில் இறக்கை நிலைத்துவிடும். ஆகவே மேல் ஷீட் காயும்வரை பலகையைவிட்டு எடுக்கக் கூடாது.

வேண்டுமென்றே வைக்கும் முறுக்கும் உண்டு. இறக்கை நுனியில் பின்விளிம்பை இரண்டு டிகிரி மேலே தூக்கி வைப்பது வாஷ்-அவுட். வேகம் குறையும்போது நுனி கடைசியில்தான் தூக்குவிசை இழக்கும், விமானம் ஒரு பக்கமாகக் கவிழாது. 40 செ.மீ. அகலத்தில் இரண்டு டிகிரி என்பது 14 மி.மீ. பின்விளிம்புக்குக் கீழே, நுனியில் 14, உடலோடு சேரும் முனையில் 0 என்று சாய்வான கட்டை வைத்து, அதே நிலையில் மேல்தோலை மூடினால் போதும். இரண்டு பாதியிலும் ஒரே அளவு இருக்க வேண்டும்.

உடம்பு வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிடுச்சு. அடுத்த முறை எப்படித் தவிர்க்கறது?

இரண்டு பக்கப் பலகைகளையும் ஒரே எடையுள்ள, ஒரே அளவு வளையும் மரத்தில் செய்யுங்கள். ஒன்று விறைப்பு, ஒன்று தளர்வு என்றால் பின்னால் சேர்க்கும்போது விறைப்பானது ஜெயிக்கும். பிளானில் நடுக்கோடு வரைந்து, ஒவ்வொரு ஃபார்மரிலும் நடுக்கோடு கீறி, மூலைமட்டத்தால் இரண்டையும் பொருத்திக்கொண்டே பின்னால் போங்கள்.

இறக்கையை ரெண்டா பிரிச்சா பலம் போயிடாதா?

போகாது. 20 முதல் 25 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய அல்லது கார்பன் குழாய் உடலுக்குக் குறுக்கே போய், ஒவ்வொரு பாதிக்குள்ளும் 30-40 செ.மீ. நுழைந்து நிற்கும். முன்சொன்ன வளைவு விசை முழுவதையும் அந்த இடத்தில் குழாய் வாங்கி ஸ்பாருக்குக் கொடுக்கிறது. அதனால் குழாயின் உறை, ரிப்போடு மட்டுமல்லாமல் ஸ்பாரோடும் வெப்போடும் எப்போக்ஸியில் கட்டுண்டு இருக்க வேண்டும். உறை முடியும் இடத்தில் வெப் திடீரென்று நின்றுபோனால், முறிவு சரியாக அங்கேதான் வரும். பின்னால் இறக்கை சுழலாமல் இருக்க ஒரு முளையும், வெளியே நழுவாமல் இருக்க நைலான் போல்ட்டும் வேண்டும்.

எடை எவ்வளவு வந்தா பயப்படணும்?

நம் இறக்கைப் பரப்பு 2.4 × 0.4 = 0.96 சதுர மீட்டர், அதாவது 96 சதுர டெசிமீட்டர். 7 கிலோவுக்கு, சதுர டெசிமீட்டருக்கு 73 கிராம். இந்த அளவு விமானத்துக்கு அது சௌகரியமான சுமை. சாதாரண இறக்கை வடிவத்தோடு தூக்குவிசை இழக்கும் வேகம் மணிக்கு 35 கி.மீ. வாக்கில் வரும். 10 கிலோ ஆகிவிட்டால் அது 42-ஐத் தாண்டும். பறக்காது என்றில்லை, ஆனால் தரை இறங்க நீளமான ஓடுபாதையும் நல்ல விரலும் வேண்டும்.

வாலில் ஒரு கிராம் கூடினா மூக்குல மூணு கிராம்னு சொல்றாங்களே, அது எப்படி?

தராசுக் கணக்குதான். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 120 செ.மீ. பின்னால், பேட்டரி 40 செ.மீ. முன்னால் என்றால் விகிதம் மூன்றுக்கு ஒன்று. வாலில் 50 கிராம் கூடினால் மூக்கில் 150 கிராம் ஈயம், மொத்தம் 200 கிராம் சுமை. பலகை முழுதாக இருக்கும் வாலைக் குச்சிகளால் கட்டிய சட்டமாக மாற்றுவது, சர்வோக்களை (அசையும் சிறகுகளைத் திருப்பும் சின்ன மோட்டார்கள்) முடிந்தால் முன்னால் வைப்பது, வாலில் பெயின்ட் அடிக்காமல் ஃபிலிம் மட்டும் ஒட்டுவது எல்லாம் இதற்காகத்தான். என்னைக் கேட்டால், ஒரு பெரிய விமானத்தின் தலைவிதி வாலின் எடையில் இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினா, கரன்ட் மோட்டாரா?

இந்த அளவுக்கு 50 சிசி வரையிலான இரண்டு-ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் பொருந்தும். நீண்ட நேரம் பறக்கலாம், நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு திரும்பப் போகலாம். அதிர்வு அதிகம், அதனால் மோட்டார் பலகை 6 மி.மீ. பிர்ச் பிளைவுட்டாக இருந்து, ஓரங்களில் முக்கோணக் கட்டை, குறுக்கே மர முளைகள் என்று கட்டுண்டு இருக்க வேண்டும். எண்ணெய் மரத்தில் ஊறாமல் அந்தப் பகுதி முழுதும் எப்போக்ஸி பூச்சு.

மின்மோட்டார் என்றால் நிதானமாகப் பறக்க கிலோவுக்கு 200-220 வாட் கணக்கு. 7 கிலோவுக்கு 1,540 வாட். 10 செல் லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 37 வோல்ட் என்பதால் ஏறக்குறைய 42 ஆம்பியர். 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் செலவழித்து, சராசரி 25 ஆம்பியரில் பறந்தால் 9 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். வீட்டில் கட்டுகிறவருக்கு நான் இதையே சொல்வேன். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தியே சமநிலையைச் சரிசெய்யலாம். முன்சொன்ன ஈயம் தேவைப்படாமலே போகலாம்.

சின்ன விமானத்து சர்வோ கைவசம் இருக்கு. போடலாமா?

கூடாது. ஒவ்வொரு ஐலரானுக்கும் (இறக்கையின் பின்விளிம்பில் அசைவது), எலிவேட்டருக்கும் (வாலின் கிடைச் சிறகில் அசைவது), ரட்டருக்கும் (வாலின் செங்குத்துச் சிறகில் அசைவது) குறைந்தது 10 கிலோ-சென்டிமீட்டர் வலுவுள்ள, உலோகப் பல் வைத்த சர்வோ வேண்டும். வலு மட்டுமல்ல, தளர்ச்சியும் முக்கியம். சர்வோவை ஆன் செய்துவிட்டு ஐலரானின் விளிம்பை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் லொடலொட என்றால் வேகத்தில் அது படபடத்து அடிக்கத் தொடங்கும். ஃப்ளட்டர் என்பார்கள், சில வினாடியில் கீலையே பிய்த்துவிடும். பறக்கும்போது திடீரென்று ரீங்காரம் கேட்டால் உடனே திராட்டிலைக் குறைத்து, மூக்கை மெல்ல நிமிர்த்தி, இறக்கிவிடுங்கள். கீல் இடைவெளியை உள்பக்கமாக ஃபிலிம் ஒட்டி மூடுவதும் உதவும்.

ரிசீவருக்கு இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச். ஒன்று செத்தாலும் மற்றது இறக்கிக் கொடுக்கும்.

மேல ஃபிலிம் ஒட்டினா சுருக்கம் சுருக்கமா வருது.

ஃபிலிமைக் குறை சொல்லும் முன் மரத்தைப் பாருங்கள். தூசி இருந்தால் எந்தச் சூட்டிலும் ஒட்டாது. முதலில் குறைந்த சூட்டில் விளிம்புகளை மட்டும் சுற்றி ஒட்டி, எதிரெதிர் மூலைகளில் இழுத்துப் பிடித்து, அதன் பிறகுதான் சூட்டைக் கூட்டி நடுப்பகுதியைச் சுருங்க வைக்க வேண்டும். எத்தனை டிகிரி என்பது ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும். சுருளோடு வரும் தாளைப் படியுங்கள். இறக்கையின் கீழ்ப்பக்கத்தை முதலில், மேல்பக்கத்தைப் பிறகு மூடினால் ஒட்டு வரி மேலே தெரியாது. சதுர மீட்டருக்கு 60-80 கிராம் கூடும், அதைக் கணக்கில் வையுங்கள். துணி போன்ற இழையுள்ள வகை கொஞ்சம் கனம், ஆனால் பழைய காலத்து விமானத்துக்கு அதன் அழகே தனி.

சுருக்கும்போது இறக்கை முறுக்கக்கூடும். வாஷ்-அவுட் அளவை ஒட்டி முடித்த பிறகும் அளந்து, வேண்டிய பக்கம் முறுக்கிப் பிடித்துச் சூடு காட்டித் திருத்துங்கள்.

ஈர்ப்பு மையத்தை எங்க வைக்கறது? பிளான்ல குறி இல்ல.

அகலம் மாறாத இறக்கைக்கு முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 33 சதவீதம். 40 செ.மீ.க்கு 10 முதல் 13 செ.மீ. முதல் பறப்புக்கு 10-11 இடத்திலேயே வையுங்கள். மூக்கு கனத்தால் விமானம் மந்தமாகும். வால் கனத்தால் கைக்கு அடங்காது.

குறுகும் இறக்கைக்குச் சராசரி அகலம் வேண்டும். அடி 50, நுனி 30 செ.மீ. என்றால் விகிதம் 0.6. அடி அகலத்தை மூன்றில் இரண்டால் பெருக்கி, அதை (1 + 0.6 + 0.36) ÷ (1 + 0.6) என்பதால் பெருக்கினால் 40.8 செ.மீ. அந்த அகலம் இறக்கையில் எங்கே விழுகிறதோ அங்கேயிருந்து சதவீதம் போட வேண்டும். பக்கவாட்டிலும் பாருங்கள்: மூக்கையும் வாலையும் பிடித்துத் தூக்கும்போது ஒரு இறக்கை தொங்கினால் மறுநுனியில் கொஞ்சம் எடை.

வீட்டுல குழந்தைங்க இருக்காங்க. தூசி, பசை வாசனை எல்லாம் பரவாயில்லையா?

பால்சாத் தூசி மிக நுண்மையானது; தேய்க்கும்போது முகமூடி, முடிந்தவரை அறைக்கு வெளியே. சி.ஏ. பசையின் ஆவி கண்ணை எரிக்கும், சன்னலைத் திறந்து வையுங்கள். சிந்திய சி.ஏ. பசையைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள்: இரண்டும் சேர்ந்தால் சுள்ளென்று சூடாகும், புகையும், தீப்பற்றவும் கூடும். லைபோ பேட்டரியை ஆளில்லாத நேரத்தில் சார்ஜ் போடக் கூடாது. சும்மா வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் வாக்கில் இருக்கட்டும். வீட்டுக்குள் மோட்டாரைச் சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். இதில் விதிவிலக்கே கிடையாது.

எங்க வேணா பறக்கவிடலாமா? அனுமதி வேணுமா?

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், மரத்தை வாங்கும் முன்பே உங்கள் நாட்டு விதியைப் படியுங்கள். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறப்பதானாலும் 250 கிராமுக்கு மேல் பதிவு வேண்டும். பல இடங்களில் 25 கிலோ ஒரு முக்கிய வரம்பு, 120 மீட்டர் உயரமும் அப்படியே. இவ்வளவு பெரிய விமானத்துக்கு ஏரோமாடலிங் கிளப்பின் மைதானமே பொருத்தம். இன்சூரன்ஸும் பெரும்பாலும் அதன் வழியாகவே கிடைக்கும்.

கட்டி முடிச்சாச்சு. நாளைக்கே பறக்கவிடலாமா?

கட்டாத இன்னொருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கண் நாம் கட்டியதில் குறை பார்க்காது. ஐலரான் சரியான திசையில் அசைகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது ஐலரான் மேலே போக வேண்டும். பிறகு ரேஞ்ச் செக், அதாவது ரேடியோ எவ்வளவு தூரம் எட்டுகிறது என்ற சோதனை, மோட்டார் ஓடும்போதும் ஒரு முறை. சிக்னல் போனால் திராட்டில் தானே அணையும்படி ஃபெயில்-சேஃப். கடைசியாக, தரையிலேயே வேகமாக ஓட்டி, நேராகப் போகிறதா என்று பார்ப்பது.

விழுந்து ஸ்பார் உடைஞ்சிடுச்சு. ஒட்டிப் பறக்கலாமா, தூக்கிப் போடணுமா?

உடைந்த முனைகளை அப்படியே சேர்த்து ஒட்டினால் அடுத்த டைவிலேயே போய்விடும். இரு பக்கமும் சாய்வாகச் சீவி, புதுத் துண்டு ஒன்றை இடையில் வைக்க வேண்டும். சாய்வின் நீளம் குச்சித் தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு: 6 மி.மீ.க்கு 7 செ.மீ. மெதுவாகக் காயும் எப்போக்ஸியில் ஒட்டி, அந்த இடத்தின் வெப்களைப் பிய்த்துவிட்டுப் புதிதாக இருபக்கமும் வையுங்கள். இறக்கை இணைப்புக் குழாயின் உறைக்குப் பக்கத்தில் உடைந்திருந்தால் ஒட்டுப் போடாதீர்கள், அந்தப் பாதியைப் புதிதாகக் கட்டுங்கள். பிளானும் அச்சும் இருந்தால் இரண்டாவது இறக்கை முதலாவதில் பாதி நேரத்தில் முடியும். உடல் பின்பகுதியில் ஒட்டுப்போட்டிருந்தால் ஈர்ப்பு மையத்தைத் திரும்ப அளக்காமல் மைதானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.